வாட்ச்மேன் இருந்தாலும் கதவைப் பூட்டணும்

(எபிசோடின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கி, சிறிது சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை மாற்றவில்லை.)

கொஞ்ச நாளா நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பிட்டு இருக்கீங்க. "சைட்டுக்கு முன்னாடி ப்ராக்ஸி போட்டாச்சு. இனிமே செக்யூரிட்டி, ஸ்பீடு ரெண்டையும் அது பாத்துக்கும்தானே?" பாத்துக்காது. ஏன்னு ஒரு கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். கதையில தப்பு பண்ணது நான்தான்.

சென்னையில ஒரு சின்ன மருத்துவமனை. பேர் வேண்டாம். அங்க ஒரு டாக்டரைப் பாக்க ஒரு நாளைக்கு 60 டோக்கன். அதுக்காக விடியற்காலை 4 மணிக்கே ஆளுங்க வாசல்ல வந்து உக்காந்துடுவாங்க. பெரும்பாலும் வயசானவங்க. இதை மாத்தலாம்னு நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு வெப்சைட் செஞ்சு கொடுத்தோம். காலைல 7 மணிக்கு டோக்கன் ஓப்பன் ஆகும். வீட்ல இருந்தே போன்ல எடுத்துக்கலாம். சர்வர்ல எஞ்சின்எக்ஸ், அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஆப். ஒரே ஆள் ஸ்க்ரிப்ட் போட்டு மொத்த டோக்கனையும் அள்ளிடக் கூடாதுன்னு, ஒரு ஐபி அட்ரஸுக்கு ஒரு நொடிக்கு 2 ரிக்வெஸ்ட்தான்னு ஒரு லிமிட்டும் வெச்சிருந்தோம்.

ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் 7 மணிக்கு சைட் திணற ஆரம்பிச்சுது. சரி, முன்னாடி ஒரு சிடிஎன் போட்டுடலாம்னு ஞாயித்துக்கிழமை ராத்திரி டிஎன்எஸ்ஸை மாத்திட்டு நிம்மதியா தூங்கிட்டேன்.

திங்கக்கிழமை காலைல 7 மணி 5 நிமிஷத்துக்கு மருத்துவமனையில இருந்து போன். "தம்பி, யாருக்குமே வரலையாம். எல்லாருக்கும் 503னு காட்டுதாம்." சர்வரைப் பாத்தா சிபியு சும்மா இருக்கு. மெமரி சும்மா இருக்கு. ஆனா வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரை எங்க சர்வரே திருப்பி அனுப்பிட்டு இருக்கு. அன்னிக்கு வீட்ல இருந்து டோக்கன் கிடைக்காதவங்க எல்லாரும் பழையபடி ஆட்டோ பிடிச்சு, பஸ் பிடிச்சு வாசலுக்கே வந்துட்டாங்க. டோக்கன் பாதி மீதம் இருக்கு, வெளிய கூட்டம் நிக்குது.

என்ன நடந்துச்சுன்னு பாக்கலாம்.

இன்டர்காம்ல ஒரே குரல்

ரிவர்ஸ் ப்ராக்ஸியை ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி நினைச்சுக்கோங்க. வாட்ச்மேன் இல்லாதப்போ யார் வந்தாலும் நேரா உங்க கதவைத் தட்டுவாங்க. லென்ஸ் வழியா முகத்தைப் பாத்துட்டுத் திறப்பீங்க. வாட்ச்மேன் வந்ததுக்கு அப்புறம், உங்களுக்கு இன்டர்காம்ல கேக்குறது அவரோட குரல் மட்டும்தான். பால்காரர் வந்தாலும் அவர் குரல், கூரியர் வந்தாலும் அவர் குரல், திருடன் வந்தாலும் அவர் குரல்.

எங்க சர்வருக்கு நடந்ததும் இதுதான். முன்னாடி 200 பேர் வந்தா 200 ஐபி தெரியும். சிடிஎன் வந்ததுக்கு அப்புறம் அந்த 200 பேரும் சிடிஎன்னோட ஏழெட்டு ஐபி வழியாத்தான் வர்றாங்க. எங்க லிமிட் என்ன சொல்லுது? ஒரு ஐபிக்கு ஒரு நொடிக்கு 2. அப்போ ஊரே சேர்ந்து ஒரு நொடிக்குப் பதினஞ்சு ரிக்வெஸ்ட்தான் அனுப்ப முடியும். மீதி எல்லாருக்கும் 503. எஞ்சின்எக்ஸ்ல லிமிட் தாண்டினா இயல்பா வர்ற கோட் 503தான். அதை 429னு மாத்தி வெச்சிருந்தா, "ஓவரா கேக்குறாங்க"ன்னு சர்வர் நினைக்குதுங்கிறது உடனே புரிஞ்சிருக்கும். சர்வர் செத்துப்போச்சுன்னு நினைச்சுத் தேடியிருக்க மாட்டோம். இது முதல் பாடம். சின்னதுதான், ஆனா அன்னிக்கு 40 நிமிஷத்தைத் தின்னுச்சு.

நான் பண்ண ரெண்டாவது தப்பு

ப்ராக்ஸிங்க இந்தப் பிரச்சினையை ரொம்ப நாளைக்கு முன்னாடியே யோசிச்சிருக்காங்க. ஸ்க்விட்ங்கிற பழைய கேஷிங் ப்ராக்ஸியை எழுதினவங்க கொண்டு வந்த ஹெடர்தான் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார். "இந்த ரிக்வெஸ்டை நான் கொண்டு வர்றேன், ஆனா உண்மையில கேக்குறது இந்த ஐபி"ன்னு வாட்ச்மேன் எழுதிக் கொடுக்குற சீட்டு. இதையே முறைப்படுத்தி 2014ல ஆர்எஃப்சி 7239 வந்துச்சு. ஆனா இன்னிக்கும் அதிகமா புழங்குறது அந்தப் பழைய ஹெடர்தான்.

நான் பதட்டத்துல என்ன பண்ணேன்? லிமிட்டை ஐபி மேல வைக்காம, அந்த ஹெடர்ல என்ன எழுதியிருக்கோ அதும் மேல வெச்சேன். ஒரே வரி மாற்றம். 503 போயிடுச்சு. எல்லாருக்கும் சைட் வந்துச்சு. எனக்குப் பாராட்டு வேற.

பத்து நாள் கழிச்சு, 7 மணி ஆகி ஒரே நிமிஷத்துல 60 டோக்கனும் காலி. அடுத்த நாளும் அதே. மூணாவது நாள் மருத்துவமனையில இருந்து சொன்னாங்க: வாசல்ல ஒரு ஆள் டோக்கனை 200 ரூபாய்க்கு வித்துட்டு இருக்கார்னு.

லாக் எடுத்துப் பாத்தேன். ஒவ்வொரு ரிக்வெஸ்டும் வேற வேற ஐபி. அதுல ஒண்ணு 300.12.5.1. ஐபி அட்ரஸ்ல ஒரு எண் 255ஐத் தாண்டவே முடியாது. அதாவது உலகத்துலயே இருக்க முடியாத ஒரு வீட்டு நம்பர்ல இருந்து ஒருத்தர் டோக்கன் எடுத்திருக்கார். நாங்களும் வாங்கன்னு கொடுத்திருக்கோம்.

எப்படி? அந்த ஹெடரை வாட்ச்மேன்தான் எழுதணும்னு கட்டாயம் இல்ல. யார் வேணும்னாலும் தன் ரிக்வெஸ்ட்லயே எழுதி அனுப்பலாம். வந்தவர் சீட்டைத் தானே எழுதிட்டு வந்தார். சில ப்ராக்ஸிங்க அதை அழிச்சுட்டுப் புதுசா எழுதும். பலது ஏற்கெனவே இருக்கிறதுக்குப் பின்னாடி, வலது பக்கம் ஒரு கமா போட்டு, தனக்குத் தெரிஞ்ச ஐபியைச் சேர்த்துவிடும். அப்போ நம்ம கைக்கு வர்ற வரியில இடது பக்கம் இருக்கிறது வந்தவர் சொன்னது, வலது கடைசியில இருக்கிறது நம்ம வாட்ச்மேன் கண்ணால பாத்தது. நான் மொத்த வரியையும் நம்பினேன். அவர் ஒவ்வொரு தடவையும் முன்னாடி ஒரு பொய்யான எண்ணை மாத்தினார். எங்க லிமிட்டுக்கு அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள்.

முதல் நாள் நான் வந்தவங்க எல்லாரையும் ஒரே ஆள்னு நினைச்சேன். அப்புறம் ஒரே ஆளை ஊர் முழுக்க இருக்கிற ஜனம்னு நினைச்சேன். ரெண்டுமே ஒரே தப்புதான்: யார் சொல்றதை நம்பணும்னு சர்வருக்கு நான் சொல்லவே இல்ல.

சரியா எப்படிச் செய்யணும்

எஞ்சின்எக்ஸ்ல இதுக்குன்னே ரியல் ஐபின்னு ஒரு மாட்யூல் இருக்கு. அதுல மூணு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, செட் ரியல் ஐபி ஃப்ரம். என் வாட்ச்மேன்கள் யாருன்னு பட்டியல் கொடுக்குற இடம். பெரிய சிடிஎன்கள் தங்களோட ஐபி வரம்புகளை வெளிப்படையாவே போட்டு வெச்சிருக்காங்க. அதை அப்படியே எடுத்துக் கொடுக்கலாம். ஆனா பட்டியல் மாறும்ங்கிறதை மறக்காதீங்க. ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் வெச்சு அப்பப்போ புதுப்பிக்கணும்.

ரெண்டு, ரியல் ஐபி ஹெடர். எந்தச் சீட்டைப் படிக்கணும்னு சொல்றது. கிளவுட்ஃப்ளேர் மாதிரி சில பேர், வந்தவரோட ஐபி ஒண்ணை மட்டும் தனி ஹெடர்ல எழுதி அனுப்புவாங்க. அது இருந்தா அதைப் படிக்கிறது சுலபம்.

மூணு, ரியல் ஐபி ரிகர்சிவ். இதை ஆன் பண்ணா, சர்வர் வரியை வலது பக்கத்துல இருந்து படிச்சுட்டு வரும். பட்டியல்ல இருக்கிற வாட்ச்மேன் ஐபியா? தள்ளு. அடுத்ததும் வாட்ச்மேனா? தள்ளு. பட்டியல்ல இல்லாத முதல் ஐபி வந்ததும் நிறுத்தும். அவர்தான் வந்தவர். அதுக்கு இடது பக்கம் என்ன கதை எழுதியிருந்தாலும் நமக்குத் தேவையில்ல. அப்பாச்சி வெச்சிருக்கவங்களுக்கு மாட் ரிமோட் ஐபி இதே வேலையைச் செய்யும்.

உங்க எஞ்சின்எக்ஸ்தான் வெளி உலகத்தை நேரா பாக்குற முதல் ப்ராக்ஸின்னா, பின்னாடி இருக்கிற ஆப்புக்கு அனுப்பும்போது வந்த ஹெடரோட சேர்த்து எழுதாதீங்க. அழிச்சுட்டு, நீங்க பாத்த ஐபியை மட்டும் எழுதுங்க. நிறைய டுடோரியல்ல சேர்த்து எழுதுற வேரியபிளைத்தான் காப்பி பண்ண வெச்சிருப்பாங்க. அது நடுவுல இருக்கிற ப்ராக்ஸிக்குச் சரி. வாசல்ல நிக்கிறவருக்குச் சரியில்ல.

சரி, ஐபி சரியா வந்தாச்சு. அதை மட்டும் நம்பி லிமிட் வைக்கலாமா? நம்ம ஊர்ல அதுவும் கஷ்டம். மொபைல் நெட்வொர்க்ல ஒரே ஐபிவி4 அட்ரஸைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துக்குவாங்க. இன்னொரு பக்கம், ஐபிவி6ல ஒரே வீட்டு இணைப்புக்குக் கோடிக்கணக்கான அட்ரஸ் இருக்கும். அதனால ஐபி லிமிட்டைக் கொஞ்சம் தாராளமா வெச்சோம். ஐபிவி6ஐத் தனி அட்ரஸா எண்ணாம 64 பிட் தொகுதியா எண்ணினோம். உண்மையான கட்டுப்பாட்டை போன் நம்பருக்கு ஓடிபின்னு மாத்தினோம். டோக்கன் வித்த ஆளை நிறுத்துனது கடைசியில ஓடிபிதான். ஆனா ஐபி சரியா இல்லேன்னா ஓடிபி அனுப்புற பக்கத்தையே யாராவது ஆயிரம் தடவை தட்டி எஸ்எம்எஸ் பில்லை ஏத்தியிருப்பாங்க. ரெண்டும் வேணும்.

பின்வாசல்

இவ்வளவும் பண்ணிட்டு, ஒரு நாள் சும்மா சோதிக்கலாம்னு சர்வரோட ஐபியை நேரா பிரவுசர்ல போட்டேன். சைட் ஓப்பன் ஆச்சு! முன்வாசல்ல வாட்ச்மேன் நிக்கிறார், பின்வாசல் திறந்தே கிடக்கு. சிடிஎன்ல நீங்க வெச்சிருக்கிற எந்தப் பாதுகாப்பும் அந்த வழியா வர்றவருக்குப் பொருந்தாது.

"என் ஐபி யாருக்கும் தெரியாதே"ன்னு சொல்லாதீங்க. சிடிஎன் போடுறதுக்கு முன்னாடி இருந்த டிஎன்எஸ் பதிவுகளைச் சேமிச்சு வைக்கிற தளங்கள் இருக்கு. உங்க சர்வர் அனுப்புற மெயிலோட ஹெடர்ல ஐபி இருக்கலாம். இதெல்லாம் இல்லேன்னாலும், மொத்த ஐபிவி4 வெளியையும் ஸ்கேன் பண்றது இப்போ பெரிய வேலையே இல்ல.

செய்ய வேண்டியது: ஃபயர்வால்ல 80, 443 ரெண்டு போர்ட்டையும் சிடிஎன்னோட ஐபிகளுக்கு மட்டும் திறங்க. மத்த எல்லாருக்கும் பூட்டு. அடுத்து, எஞ்சின்எக்ஸுக்குப் பின்னாடி ஓடுற ஆப், டேட்டாபேஸ் எல்லாம் 127.0.0.1ல மட்டும் கேக்கணும். 0.0.0.0ன்னு இருந்தா அது தெருவுக்கே திறந்த கதவு.

இங்க ஒரு பள்ளம் இருக்கு, நிறைய பேர் விழுந்திருக்காங்க. உபுண்டுல யுஎஃப்டபிள்யூ போட்டு எல்லாத்தையும் பூட்டிட்டேன்னு நினைப்பீங்க. ஆனா டாக்கர்ல ஒரு போர்ட்டை பப்ளிஷ் பண்ணா, டாக்கர் தனக்குன்னு ஐபிடேபிள்ஸ் விதிகளை எழுதிக்கும். யுஎஃப்டபிள்யூ பூட்டியிருக்குன்னு காட்டும், போர்ட் வெளிய திறந்திருக்கும். அதனால பப்ளிஷ் பண்ணும்போதே போர்ட் எண்ணுக்கு முன்னாடி 127.0.0.1ன்னு சேர்த்து எழுதுங்க.

சிடிஎன்னோட ஐபியை மட்டும் திறந்தா போதுமா? அதே சிடிஎன்ல வேற யார் வேணும்னாலும் அக்கவுண்ட் ஆரம்பிச்சு, உங்க சர்வரைத் தன்னோட சைட்னு காட்டி ரிக்வெஸ்ட் அனுப்பலாம். அதுவும் அதே ஐபியில இருந்துதான் வரும். இதுக்குத்தான் சிடிஎன் ஒரு கிளையன்ட் சர்டிஃபிகேட்டைக் காட்டணும்னு சர்வர்ல கேக்கலாம். உங்களுக்குன்னு தனியா ஒரு சர்டிஃபிகேட் வெச்சா இன்னும் நல்லது. அது முடியலேன்னா, சிடிஎன்ல இருந்து ஒரு ரகசிய ஹெடரை அனுப்ப வெச்சு, அது இல்லாத ரிக்வெஸ்டைத் தள்ளிவிடுங்க.

ரெண்டு பக்கமும் பூட்டு

பிரவுசர்ல பூட்டுப் படம் தெரியுதுன்னா, உங்க போனுக்கும் ப்ராக்ஸிக்கும் நடுவுல என்க்ரிப்ஷன் இருக்குன்னு அர்த்தம். ப்ராக்ஸிக்கும் சர்வருக்கும் நடுவுல? அதை அந்தப் படம் சொல்லாது. சில சிடிஎன்ல முதல் பாதி ஹெச்டிடிபிஎஸ், ரெண்டாவது பாதி வெறும் ஹெச்டிடிபின்னு ஒரு மோட் இருக்கு. கிளவுட்ஃப்ளேர்ல அதுக்குப் பேர் ஃப்ளெக்சிபிள். நோயாளியோட பேரும் போன் நம்பரும் பாதி வழி உறைக்குள்ள போய், மீதி வழி போஸ்ட் கார்டா போற மாதிரி.

அந்த மோட்ல இன்னொரு தொல்லையும் உண்டு. உங்க சர்வர் "ஹெச்டிடிபியா வந்தா ஹெச்டிடிபிஎஸுக்குப் போ"ன்னு திருப்பிவிடும். பிரவுசர் ஹெச்டிடிபிஎஸ்ல வரும். ப்ராக்ஸி அதை ஹெச்டிடிபியா சர்வர்கிட்ட கொடுக்கும். சர்வர் மறுபடி திருப்பிவிடும். சுத்திட்டே இருக்கும். "டூ மெனி ரீடைரக்ட்ஸ்"னு ஒரு பக்கம் வருமே, பல தடவை காரணம் இதுதான். தீர்வு, சர்வர்லயும் சர்டிஃபிகேட் போடுறது. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாவே கொடுக்குது. ப்ராக்ஸியில அந்த சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்கிற மோடை வைங்க. டிஎல்எஸ் 1.2, 1.3 மட்டும் போதும். 1.0ம் 1.1ம் 2021லயே அதிகாரபூர்வமா ஓய்வு பெற்றாச்சு.

ஹெச்எஸ்டிஎஸ் ஹெடர் பத்தி ஒரு எச்சரிக்கை. "இந்த சைட்டுக்கு இனி ஹெச்டிடிபிஎஸ்ல மட்டும்தான் வரணும்"னு பிரவுசர்கிட்ட வாங்குற சத்தியம் அது. எடுத்த எடுப்புல 31536000 நொடி, அதாவது ஒரு வருஷம்னு போட்டுடாதீங்க. முதல்ல 300 நொடி போட்டு எல்லாம் சரியா ஓடுதான்னு பாருங்க. அப்புறம் ஏத்துங்க.

எஞ்சின்எக்ஸ்ல இதையும் கவனிங்க. செக்யூரிட்டி ஹெடர்களை எல்லாம் சர்வர் பிளாக்ல எழுதியிருப்பீங்க. உள்ள ஒரு லொகேஷன் பிளாக்ல வேற ஏதோ ஒரே ஒரு ஆட் ஹெடர் எழுதினா போதும், மேல எழுதினது எதுவும் அந்த லொகேஷனுக்கு வராது. எர்ரரும் வராது. சத்தமில்லாம காணாமப் போயிடும்.

ஸ்பீடு எங்க இருக்கு

ப்ராக்ஸி போட்டா ஏன் வேகமாகுது? கணக்குப் போட்டுப் பாக்கலாம். உங்க சர்வர் அமெரிக்காவுல இருக்கு, சென்னையில இருந்து போய் வர 250 மில்லி செகண்ட்னு வெச்சுக்குவோம். டிஎல்எஸ் 1.2ல முதல் பைட் வர்றதுக்கு டிசிபிக்கு ஒரு நடை, டிஎல்எஸ்ஸுக்கு ரெண்டு நடை, ரிக்வெஸ்டுக்கு ஒரு நடை. 4 நடை, ஒரு முழு நொடி. டிஎல்எஸ் 1.3ல ஒரு நடை குறையும். 750 மில்லி செகண்ட்.

இப்போ சென்னையிலயே ப்ராக்ஸி இருக்கு, அதுக்குப் போய் வர 10 மில்லி செகண்ட். மூணு நடைக்கு 30. ப்ராக்ஸிக்கும் அமெரிக்கா சர்வருக்கும் நடுவுல கனெக்ஷன் ஏற்கெனவே திறந்து இருந்தா, அங்க ஒரே ஒரு நடை. மொத்தம் 280. அருமை.

ஆனா அந்தக் கனெக்ஷன் திறந்து இல்லேன்னா? ப்ராக்ஸி ஒவ்வொரு தடவையும் புதுசா கைகுலுக்கணும். 30ம் 750ம் சேர்ந்து 780. ப்ராக்ஸி இல்லாததை விட மெதுவா போயிடும்! "சிடிஎன் போட்டேன், ஸ்லோ ஆயிடுச்சு"ன்னு சொல்றவங்க முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான். எஞ்சின்எக்ஸ்ல கீப்அலைவ் டைம்அவுட் இயல்பா 75 நொடி. ஏதோ ஒரு ட்யூனிங் கட்டுரையைப் பாத்து அதை 5ன்னு குறைச்சிருப்போம். நேரா வாடிக்கையாளர் வந்த காலத்துல அது சரியா இருந்திருக்கலாம். ப்ராக்ஸிக்குப் பின்னாடி அது தப்பு. சர்வர் கனெக்ஷனை எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்குதோ, அது ப்ராக்ஸி பிடிச்சு வைக்கிற நேரத்தை விட அதிகமா இருக்கணும். இல்லேன்னா சர்வர் மூடின அதே நொடியில ப்ராக்ஸி அந்தக் கனெக்ஷன்ல பேச வரும். எப்போவாவது ஒரு 502, காரணமே தெரியாது. எஞ்சின்எக்ஸ்ல இருந்து ஆப்புக்குப் போற வழியிலயும் இதே கதைதான். அப்ஸ்ட்ரீம் பிளாக்ல கீப்அலைவ் இருக்கா, ஹெச்டிடிபி 1.1ல பேசுதான்னு பாத்துக்கோங்க.

அடுத்து கம்ப்ரஷன். ஜிஜிப் ஆன்னு போட்டாச்சு, ஆனா ஃபைல் சின்னதாகவே இல்லன்னு குழம்புவீங்க. ரெண்டு காரணம். அது இயல்பா ஹெச்டிஎம்எல்-ஐ மட்டும்தான் சுருக்கும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்க்ரிப்ட், ஜேசான் எல்லாத்தையும் ஜிஜிப் டைப்ஸ்ல நீங்கதான் சொல்லணும். ரெண்டாவது, வயாங்கிற ஹெடரோட வர்ற ரிக்வெஸ்ட்னா, இது ப்ராக்ஸி வழியா வந்ததுன்னு புரிஞ்சுக்கிட்டு எஞ்சின்எக்ஸ் சுருக்கவே சுருக்காது. ஜிஜிப் ப்ராக்ஸிட்னு ஒரு வரி எழுதினாத்தான் சுருக்கும். நம்ம லேப்டாப்ல சோதிக்கும்போது சுருங்கும், சிடிஎன் வழியா போனா சுருங்காது. பைத்தியம் பிடிக்கும்.

கேஷ்: ஒருத்தர் டோக்கன் இன்னொருத்தர் கையில

ஸ்பீடுக்குப் பெரிய ஆயுதம் கேஷ்தான். பெரிய ஆபத்தும் அதுதான்.

2015 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ். ஸ்டீம் கேம் ஸ்டோருக்கு விற்பனைக் கூட்டம். கூடவே ஒரு சர்வீஸ் மறுப்புத் தாக்குதல். அதைச் சமாளிக்க கேஷ் விதிகளை மாத்தினாங்க. அதுல ஒரு கான்ஃபிகரேஷன் தப்பாயிடுச்சு. லாகின் பண்ணவங்களோட பக்கங்களையும் கேஷ் சேமிச்சு வெச்சு, அடுத்து வந்தவங்களுக்குக் கொடுத்துடுச்சு. ஒருத்தரோட பில்லிங் முகவரி, மெயில் ஐடி, வாங்கின பட்டியல் எல்லாம் இன்னொருத்தர் ஸ்க்ரீன்ல. சுமார் 34,000 பேரோட பக்கங்கள் அப்படிப் போயிருக்கலாம்னு வால்வ் நிறுவனமே அறிவிச்சுது. யாரும் உள்ள புகுந்து திருடல. ஸ்பீடுக்காகச் செஞ்ச ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

எங்க சைட்ல "உங்க டோக்கன்"னு ஒரு பக்கம் இருக்கு. பேர், வயசு, எந்த டாக்டர், எத்தனை மணி. அது கேஷ்ல போனா? ஒருத்தரோட உடம்பு விஷயம் ஊருக்குத் தெரியும். அதனால விதி ரொம்ப எளிமை. ஆளுக்கு ஆள் மாறுற பக்கம் எல்லாத்துக்கும் கேஷ் கண்ட்ரோல் ஹெடர்ல நோ-ஸ்டோர். பேர்ல வெர்ஷன் ஹேஷ் இருக்கிற சிஎஸ்எஸ், ஜாவாஸ்க்ரிப்ட், படங்களுக்கு ஒரு வருஷம். ஃபைல் மாறினா பேரும் மாறிடும், அதனால பயம் இல்ல.

எஞ்சின்எக்ஸ் கேஷ்ல ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கு. பதில்ல செட்-குக்கி ஹெடர் இருந்தா, அதைச் சேமிக்காது. ஆனா "கேஷ் ஏன் வேலை செய்யல"ன்னு தேடினா, அந்த ஹெடரைக் கண்டுக்காதேன்னு ஒரு வரி போடச் சொல்லி யாராவது சொல்லியிருப்பாங்க. அந்த வரியைப் போடுறதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிங்க. அது உங்களைக் காப்பாத்துற வேலி.

ஃபைல் பேரோட முடிவை மட்டும் பாத்து கேஷ் பண்ற விதியும் வேண்டாம். டோக்கன் பக்கத்தோட முகவரிக்குப் பின்னாடி ஒரு ஸ்லாஷ் போட்டு, ஏதாவது ஒரு சிஎஸ்எஸ் ஃபைல் பேரை ஒட்டி லிங்க் அனுப்பினா, ஆப் டோக்கன் பக்கத்தையே கொடுக்கும், ப்ராக்ஸி அது சிஎஸ்எஸ்னு நினைச்சுச் சேமிக்கும். 2017ல ஒமர் கில்ங்கிற பாதுகாப்பு ஆய்வாளர் இதைக் காட்டினார். வெப் கேஷ் டிசெப்ஷன்னு பேர்.

இன்னிக்கு ராத்திரி செய்ய நாலு சோதனை

கேட்டுட்டு விட்டுடாதீங்க. அரை மணி நேரம் போதும்.

ஒண்ணு: மொபைல் டேட்டாவுல இருந்து உங்க சைட்டைத் திறங்க. ஆக்சஸ் லாக்ல உங்க போனோட ஐபி வருதா, ப்ராக்ஸியோட ஐபி வருதான்னு பாருங்க.

ரெண்டு: கர்ல் கமாண்ட்ல எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை 300.12.5.1னு பொய்யா வெச்சு அனுப்புங்க. லாக்ல அந்தப் பொய் உங்க ஐபியா பதிவானா, நான் விழுந்த குழியிலதான் நீங்களும் இருக்கீங்க.

மூணு: சர்வர் ஐபியை நேரா பிரவுசர்ல போடுங்க. எதுவும் வரக் கூடாது. ஆப், டேட்டாபேஸ் போர்ட்டையும் வெளிய இருந்து தட்டிப் பாருங்க.

நாலு: ரெண்டு அக்கவுண்ட், ரெண்டு பிரவுசர். ஒண்ணுல லாகின் பண்ணி சொந்தப் பக்கத்தைத் திறங்க. அதே முகவரியை இன்னொண்ணுல திறங்க. முதல் ஆளோட பேர் தெரிஞ்சா, அன்னிக்கு ராத்திரி தூங்காதீங்க.

சர்வரை மாத்துறது எப்பவும் ஞாயித்துக்கிழமை ராத்திரி வேண்டாம். உங்க கூட்டம் எப்போ வருதுன்னு பாத்து, அது முடிஞ்ச உடனே மாத்துங்க. எங்களுக்கு இப்போ அது காலைல 8 மணி. அடுத்த 7 மணிக்குள்ள 23 மணி நேரம் கையில இருக்கு.

மருத்துவமனைக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. நல்லா ஓடுது. வாசல்ல டோக்கன் விக்கிறவர் இல்ல. ஆனா நாங்க 60 டோக்கனையும் ஆன்லைன்ல வைக்கறதை நிறுத்திட்டோம். 15 டோக்கன் கவுன்ட்டர்லயே இருக்கு. போன் இல்லாதவங்களும் அந்த டாக்டரைப் பாக்கணுமே. அந்த 15 பேருக்கு ப்ராக்ஸியும் வேணாம், ஹெடரும் வேணாம். நேரா வர்றாங்க, முகத்தைப் பாத்துக் கொடுக்கிறாங்க.

உங்க சோதனையில என்ன வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. ரெண்டாவது சோதனையில மாட்டினவங்க வெக்கப்படாம சொல்லுங்க, நான் ஏற்கெனவே அந்த லிஸ்ட்ல முதல் ஆள். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.